எத்தனை விரல் இடம்?

நெல்லிம்,
5 டிசம்பர் 1965

அன்புள்ள சைமிக்கு,

இங்கே நான், அம்மா, லெம்பி அக்கா, அவள் பிள்ளைகள் நால்வர், குதிரை ருஸ்கோ எல்லோரும் சுகம். உன் இருமல் விட்டதா? கோத்தன்பர்க்கில் மழைதான் பெய்கிறது, பனியே இல்லை என்று எழுதியிருந்தாய். அப்படி ஒரு டிசம்பரை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

ஏரி உறைந்துவிட்டது. நேற்று பக்கத்து வீட்டு எய்னாரியும் நானும் துளை போட்டுப் பார்த்தோம். ஒன்றரைச் சாண் தாராளமாக இருக்கிறது. இன்று நம் வீடு வரப்போகும் எதிர்க்கரை முனை வரைக்கும் பாதை குறித்துவிட்டோம், ஐம்பது தப்படிக்கு ஒரு பிர்ச் மரக் கிளையாக. தீவுகளைச் சுற்றிக்கொண்டு போவதால் பதினான்கு கிலோமீட்டர். கடைசிக் கிளையை நட்டுவிட்டு எய்னாரி சொன்னான்: "இத்தனை கிளைய நட்டு ஒரு பொம்பளைய வரவழைக்கிற ஆள இப்பத்தான்டா பாக்குறேன்."

இலையுதிர் காலம் முழுக்கச் செதுக்கிய தடிகள் கரையில் அடுக்கிக் கிடக்கின்றன. பன்னிரண்டு வரிசைச் சுவர், வரிசைக்கு நாலு தடி. ஒவ்வொன்றிலும் கோடரியால் எண் வெட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் சாலை கிடையாது, என் படகில் இரண்டு மூட்டைக்கு மேல் ஏறாது. ஆகவே தடி, பலகை, செங்கல், மணல், கூரைக்குத் தார்க்காகிதம் எல்லாமே ஏரி உறைந்திருக்கும்போதே சறுக்குவண்டியில் போய்ச் சேர வேண்டும்.

பஸ் ஏறும்போது நீ சொன்னதை மறக்கவில்லை. "நடுக்கோடைத் திருநாளுக்குள்ள, உள்ளேயிருந்து தாழ் போடுற மாதிரி ஒரு கதவு வேணும் எனக்கு. இல்லேன்னா நீ அங்க வந்துடு." தாழ்ப்பாள் வாங்கிவிட்டேன். அதைத்தான் முதலில் வாங்கினேன்.

நம் மூலையை மறைத்திருந்த கோடுபோட்ட திரைச்சீலையை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாயா? அம்மா சமையல்கட்டிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். காலுறை மாற்றக்கூட வெட்கமாக இருக்கிறது.

உன்,
தௌனோ


கோத்தன்பர்க்,
16 டிசம்பர் 1965

என் தௌனோவுக்கு,

இருமல் போய்விட்டது, அம்மாவிடம் சொல். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைப் பற்றிக் கேட்காதே.

ஆமாம், திரைச்சீலை என்னிடம்தான் இருக்கிறது. மூன்று வருஷம் அந்தத் துணிக்குப் பின்னால்தானே நாம் குடும்பம் நடத்தினோம்? நீ தும்மினால் லெம்பி அண்ணியின் பிள்ளைகள் சிரிக்கும். நான் அழுதால் காலையில் உன் அம்மா கேட்பாள். கோபத்தில் எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போது போர்வைமேல் விரித்துக்கொள்கிறேன். அதில் இன்னும் நம் வீட்டு விறகுப்புகை மணக்கிறது. அறையில் கூட இருக்கும் பெண்கள் "இத முதல்ல தொவைடி" என்கிறார்கள். துவைப்பேனா என்ன?

நூற்பாலையில் இரைச்சல் அதிகம். பக்கத்தில் நிற்பவளோடு பேசக் கை ஜாடைதான். மேஸ்திரிக்கு என் பெயர் வாயில் நுழையவில்லையாம், "பின்லாந்து, பின்லாந்து" என்று கூப்பிடுகிறார். ஒரு முழு நாடாக ஆகிவிட்டேன், பார்த்தாயா.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜன்னல் பெரிதாக வை. உன் அம்மா வீட்டு ஜன்னல் கைக்குட்டை அளவு. இங்கே என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் செங்கல் சுவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்கு ஏரி தெரிய வேண்டும்.

ருஸ்கோவுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி கொடு, நான் கொடுத்ததாக.

சைமி


நெல்லிம்,
14 ஜனவரி 1966

அன்புள்ள சைமிக்கு,

எல்லோரும் நலம். குளிர் மைனஸ் முப்பத்தெட்டில் நிற்கிறது. ருஸ்கோவின் மீசை வெள்ளையாகிவிட்டதால் ஊர்ப் பாதிரியார் மாதிரி இருக்கிறான். சர்க்கரைக் கட்டியை வாங்கிக்கொண்டு, இன்னொன்று எங்கே என்று என் பையை மோந்து பார்த்தான்.

ஏழு வரிசைத் தடிகள் முனைக்குப் போய்விட்டன. நாளுக்கு ஒரு நடைதான். வெளிச்சம் வருவதும் போவதும் ஒன்றாக இருக்கிறது. போகும்போது பாரம், திரும்பும்போது நான் சறுக்குவண்டியில் மான்தோல் விரித்து உட்கார்ந்துகொள்வேன். குதிரைக்கு வழி தெரியும். அப்போது உன்னோடு பேசிக்கொண்டே வருகிறேன். வாய்விட்டேதான். ருஸ்கோ ஒரு காதைத் திருப்பிக் கேட்கிறான். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட எழுத வரமாட்டேன் என்கிறது.

ஜன்னல் சட்டங்கள் மூன்றையும் இங்கேயே செய்துவிட்டேன். பன்னிரண்டு வரிசைச் சுவருக்கு ஏற்ற உயரம். சட்டத்துக்கு இரண்டு கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடியும் நாற்பத்திரண்டுக்கு நூற்றிரண்டு சென்டிமீட்டர். லெம்பி அக்கா பார்த்துவிட்டு, "வீடு கட்டுறியா, கடை வைக்கிறியா?" என்றாள். கண்ணாடிக்கு ரோவனியெமி நகரத்துக் கடையில் சொல்லியிருக்கிறேன், வந்து சேர மூன்று வாரம் ஆகும்.

நடுக்கோடைக்கு இன்னும் ஐந்து மாதம். நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தௌனோ


நெல்லிம்,
22 பிப்ரவரி 1966

அன்புள்ள சைமிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன், திட்டாதே. சுகமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன்.

சுவர் எழும்புகிறது. பதினோரு வரிசை ஏற்றிவிட்டோம். தடிக்குத் தடி நடுவே பாசி வைத்து எய்னாரி கட்டையால் இடிப்பான், நான் அடுத்ததைத் தூக்குவேன். செங்கல், மணல், பலகை எல்லாம் போயாயிற்று.

கடைசி நடைதான் சொதப்பிவிட்டது. பன்னிரண்டாம் வரிசைத் தடிகள் நாலையும் ஏற்றிக்கொண்டு போனேன். முந்தின இரண்டு நாளும் கனத்த பனி. அந்தப் பாரத்தில் ஐஸ் அமுங்கி, பனிக்கு அடியில் தண்ணீர் ஏறியிருந்தது. மேலே பார்த்தால் வெள்ளைவெளேர் என்று ஒன்றும் தெரியாது, காலை வைத்தால் முழங்கால்வரை கஞ்சி. வண்டி சிக்கிக்கொண்டது. ருஸ்கோவை அவிழ்த்துக் கரையேற்றினேன். மறுநாள் கோடரியோடு போனால் வண்டியும் தடியும் இரும்பு மாதிரி இறுகிக் கிடக்கின்றன. வண்டியை மட்டும் வெட்டி எடுத்தேன். தடி நாலும் ஏரி நடுவிலேயே இருக்கிறது.

போகட்டும். பதினோரு வரிசையோடு நிறுத்திக்கொள்கிறேன். உனக்கும் எனக்கும் தலை இடிக்காது. இனிப் புதுத்தடி வெட்டிச் செதுக்கப் போனால் கூரை ஏற மே மாதம் ஆகிவிடும்.

தௌனோ


கோத்தன்பர்க்,
3 மார்ச் 1966

அட பாவி மனுஷா,

தடி போனால் போகட்டும். முழங்கால்வரை தண்ணீர், மைனஸ் முப்பது, கரை எவ்வளவு தூரம் என்று எழுதவே இல்லையே! உன் கால்விரல் பத்தும் இருக்கிறதா? காலுறையைக் கழற்றி, எண்ணிப் பார்த்து எழுது. அம்மா பார்த்தால் பார்க்கட்டும்.

ஐந்து வாரம் கடிதம் இல்லை. பகலெல்லாம் வேலையில் நிற்கிறேன், வந்ததும் வாசலில் தபால்பெட்டி. வீட்டுக்காரி என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிடுகிறாள், இல்லை என்று. அவளுக்கும் எனக்கும் தெரிந்த பொதுமொழி அது ஒன்றுதான்.

இன்னொரு செய்தி. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆலையில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்களாம். புதுக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு, குழாயில் வெந்நீர், புருஷனும் வந்தால் அவனுக்கும் வேலை. ஜூன் முதல் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல வீடு, தௌனோ. போய்ப் பார்த்தேன். குழாயைத் திறந்து வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டு உன்னை நினைத்தேன். இந்த வெந்நீரில் உன் கை இருந்தால் எப்படி இருக்கும் என்று இல்லை. அந்தக் கை இப்போது எந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று.

எனக்கு உன்னோடு இருக்க வேண்டும். எங்கே என்பது அதற்கு அப்புறம்தான். ஆனால் திரைச்சீலைக்குப் பின்னால் இனி முடியாது.

சைமி


நெல்லிம்,
28 மார்ச் 1966

அன்புள்ள சைமிக்கு,

பத்தும் இருக்கிறது. இடது சுண்டுவிரல் கொஞ்சம் கறுப்பாக இருந்தது, இப்போது சிவந்துவிட்டது. லெம்பி அக்காதான் சாட்சி.

உட்கார்ந்துகொண்டு படி. கூரை ஏறிவிட்டது. அடுப்பு கட்டியாயிற்று. சுண்ணாம்புக் கலவை உறையாமல் இருக்க, வாளியை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஜன்னல் மூன்றும் பொருத்திவிட்டேன். கண்ணாடி ஆறையும் வைக்கோலில் படுக்க வைத்து, ருஸ்கோவை நடத்தியே கூட்டிக்கொண்டு போனேன், ஒன்றில்கூடக் கீறல் இல்லை. போன வியாழக்கிழமை முதல் தடவை அடுப்பு மூட்டினேன். புகை நேராக மேலே போயிற்று. நான் வெளியே ஓடிப்போய் நின்று பார்த்தேன், பிறகு உள்ளே ஓடினேன், மறுபடி வெளியே. தனியாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

எய்னாரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் காய விடாம என்னடா அவசரம்? பொண்டாட்டி என்ன ஓடியா போயிடுவா?" என்றான். "ஏற்கெனவே போயிட்டாளே" என்றேன். இரண்டு பேரும் காபி குடித்தோம்.

இனி இரவும் பகலும் அடுப்பு எரிகிறது. சுவர் சீக்கிரம் காய வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏரி தெரிகிறது.

உன்,
தௌனோ


கோத்தன்பர்க்,
7 ஏப்ரல் 1966

என் தௌனோவுக்கு,

உன் கடிதத்தை அறைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். நீ உள்ளேயும் வெளியேயும் ஓடின இடத்தில் மூன்று பேரும் அழுதுவிட்டார்கள். நான் அழவில்லை. அப்புறம் குளியலறையில் அழுதேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. நான் தடிவீடு கட்டுகிறவர் மகள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். பன்னிரண்டாம் வரிசை ஏரியில் கிடக்கிறது. சட்டங்களைச் செய்தது பன்னிரண்டு வரிசைக்கு. பச்சைத் தடி காய்ந்தால் சுருங்கும், பாசி அமுங்கும், சுவர் கீழே இறங்கும். அதற்குத்தானே ஜன்னலுக்கு மேலே நாலு விரல் இடம் விட்டுப் பாசி அடைப்பது? இது நம் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ இரவும் பகலும் அடுப்பு வேறு எரிக்கிறாய்.

மேலே எத்தனை விரல் இடம் விட்டிருக்கிறாய்? ஒரு வரி எழுது, எனக்கு நிம்மதியாகும்.

சைமி


நெல்லிம்,
26 ஏப்ரல் 1966

அன்புள்ள சைமிக்கு,

நலம். அம்மாவுக்கு முட்டி வலி, வழக்கம்போல. முதல் அன்னங்கள் வந்துவிட்டன. ஓடை வாயில் ஐஸ் திறந்த இடத்தில் எட்டு நிற்கின்றன. காலையில் பனி இறுகி நன்றாக வழுக்குகிறது, மதியத்துக்குள் ருஸ்கோ வயிறுவரை புதைகிறான். ஆகவே விடிந்ததும் கிளம்பிவிடுகிறேன்.

கட்டில் செய்துவிட்டேன். அகலமானது. மேஜைக்குப் பலகை இழைத்தாயிற்று. சவுனா நீராவிக் குளியலறைக்குக் கல் பொறுக்கிவைத்திருக்கிறேன். கதவு நன்றாகச் சாத்துகிறது. தாழ்ப்பாள் இறுக்கமாக இருந்தது, எண்ணெய் விட்டேன்.

வெளிச்சம் நன்றாக வருகிறது.

எழுத வேறொன்றும் இல்லை. கூரைமேல் இருந்த பனியை இறக்க வேண்டும், முன்னமே செய்திருக்க வேண்டிய வேலை.

தௌனோ


கோத்தன்பர்க்,
4 மே 1966

தௌனோ,

நான் நலம். அன்னத்தைக் கேட்கவில்லை, கட்டிலைக் கேட்கவில்லை.

எத்தனை விரல்?

சைமி


நெல்லிம்,
14 மே 1966

அன்புள்ள சைமிக்கு,

அட்டை வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஐஸ் இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்கிறார்கள். ருஸ்கோவை எய்னாரியின் லாயத்தில் விட்டுவிட்டு, நான் மட்டும் பனிச்சறுக்குக் கட்டையில் முனைக்குப் போகிறேன், படகைப் பின்னால் இழுத்துக்கொண்டு. அங்கே கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. போனால் ஏரி திறக்கிறவரை நடக்கவும் முடியாது, துடுப்புப் போடவும் முடியாது. ஜூன் நடுவில்தான் இனிக் கடிதம்.

அந்த இரண்டு அறை வீட்டைப் பற்றி யோசித்தேன். வெந்நீர் நல்ல விஷயம். முதல் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்றாய். நீ கையெழுத்துப் போடுவதென்றால் போட்டுவிடு, என்னை நினைத்துத் தயங்காதே. நான் அங்கே வந்து இயந்திரத்தின் முன்னால் நிற்பேனா என்று தெரியவில்லை. வந்தாலும் வருவேன். இப்போது எனக்கு எதுவும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஏரிமேல் பேசிக்கொண்டு போனதையெல்லாம் நீ கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தௌனோ


நெல்லிம் கரை,
31 மே 1966

என் தௌனோவுக்கு,

இது தபாலில் வராது. ஏரி திறந்ததும் எய்னாரியின் படகில் நானே கொண்டுவருவேன், அல்லது எனக்கு முன்னால் யாராவது. வாயால் சொல்ல முடியாமல் போய்விடுமோ என்று எழுதிவைக்கிறேன்.

நேற்று வந்து சேர்ந்தேன். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், விரல் கணக்கு அதிலும் இல்லை. மூன்றாவது தடவை படிக்காமல் மேஸ்திரியிடம் போய், வேண்டாம் என்று சொன்னேன். போகும்போதுதான் அவர் என் பெயரைச் சரியாகச் சொன்னார். அப்புறம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். நாற்பத்திரண்டுக்கு நூற்றிரண்டு, ஆறு. பழைய கடிதத்தில் அளவு இருந்ததே! நம் திரைச்சீலையில் சுற்றி, இரண்டு பலகைக்கு நடுவே கட்டி, மூன்று நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். எல்லையில் அதிகாரி, "ஏம்மா, உங்க ஊர்ல கண்ணாடியே கிடைக்காதா?" என்றார். "கிடைக்கும் ஐயா, நேரம்தான் கிடைக்காது" என்றேன்.

இங்கே லெம்பி அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இந்த நேரத்துலயா வருவே? நடந்தா முழுகிடுவே, படகு நகராது. ஒரு வாரமோ ரெண்டு வாரமோ, யார் கண்டா!" உன் அம்மா துடைப்பத்தை எடுத்தாள். உன் மூலையைக் கூட்டி, சுத்தமான விரிப்புப் போட்டு, ஒரு போர்வையை எடுத்துக் கயிற்றில் தொங்கவிட்டாள், எனக்கு மறைப்பாக. மூன்று வருஷத்தில் இல்லாத அன்பு.

இப்போது கரையில் உட்கார்ந்திருக்கிறேன். நேராகப் பார்த்தால் ஒன்பது கிலோமீட்டர்தான். உன் புகை தெரிகிறது. மூன்று நாள் தூரம் வந்தவளுக்கு இந்த ஒன்பது கிலோமீட்டர் பொறுக்கவில்லை. ஐஸ் சாம்பல் நிறமாகிவிட்டது. நீ நட்ட கிளைகள் வரிசையாகத் தண்ணீரில் சாய்ந்து நிற்கின்றன, ஒன்றையும் நம்பிக் காலை வைக்க முடியாது.

சூரியன் மறைவதை நிறுத்திவிட்டது. ஒரு கண்ணாடியைப் பிரித்து எடுத்து உன் பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்கப்போகிறேன். அண்ணி வாசலில் நின்று சிரிக்கிறாள், "அவன் அடுப்படியில குந்தியிருப்பான்டி, யாரு பாக்கப்போறா?" என்று. பார்க்காவிட்டால் நாளைக்கும் பிடிப்பேன்.

உன்,
சைமி


முனை,
31 மே 1966

சைமிக்கு,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். காகிதம் இல்லை, ஆணிப் பொட்டலத்தின் உறை.

நான் சுகமில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் இருபதாம் தேதி காலையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். டக் என்று ஒரு சத்தம். துப்பாக்கி என்று நினைத்தேன். ஏரி பக்கத்து ஜன்னலில் குறுக்கே ஒரு கோடு. கூரையில் அவ்வளவு பனி, உள்ளே அவ்வளவு சூடு, சுவர் இறங்கிச் சட்டத்தின் தலைமேல் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் ஆறும் போயிற்று. மறுபடி ரோவனியெமியிலிருந்து வருவதற்குள் ஏரியில் ஐஸ் போய்விடும் என்று தெரியும். உனக்கு எழுத உட்கார்ந்தேன், கை அன்னத்தைப் பற்றி எழுதியது. நீ அட்டை போட்டாய். அப்போதும் எழுதவில்லை. உனக்கு அங்கே வெந்நீர் இருக்கிறது, இங்கே ஜன்னலில் பலகை அடித்த ஓர் இருட்டறை. அதை எந்த வாயால் சொல்வேன்?

இந்த இரண்டு வாரமும் ஜன்னல்களுக்குக் கீழே தடியை அறுத்து, சட்டங்களைத் தாழ இறக்கியிருக்கிறேன். கண்ணாடி இல்லாத சட்டங்கள். ஆனாலும் ஒழுங்காகச் செய்தேன். ஏரி நடுவில் கிடந்த நாலு தடியும் கரைப்பக்கம் நகர்ந்திருக்கின்றன, படகுத்துறைக்கு ஆகும்.

சற்றுமுன் விறகு எடுக்க வெளியே போனபோது நெல்லிம் கரையில் ஏதோ பளிச்சிட்டது. எய்னாரி கார் வாங்கிவிட்டானோ என்று நினைத்தேன். மறுபடி பளிச். நின்றது. மறுபடி. காராக இருந்தால் இப்படிச் சாயாது. யாரோ கையில் பிடித்துக்கொண்டு, என் பக்கமாகவே, விடாமல். நம் கரையில் இந்தப் பருவத்தில் இவ்வளவு பெரிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வரக்கூடிய பைத்தியம் யார் என்று யோசித்தேன். விறகு கையிலிருந்து விழுந்துவிட்டது.

பதிலுக்குக் காட்ட என்னிடம் முழுக் கண்ணாடி ஒன்றுகூட இல்லை, சைமி. வாளியில் பொறுக்கிப் போட்டிருந்த துண்டுகளில் உள்ளங்கை அளவு ஒன்றை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறி, கை மரத்துப்போகும்வரை சூரியனுக்குக் காட்டினேன். அந்தப் பக்கம் ஒரு கணம் நின்றது. பிறகு நிறுத்தாமல் ஆட ஆரம்பித்துவிட்டது. நீ பார்த்துவிட்டாய்.

எத்தனை விரல் என்று இரண்டு தடவை கேட்டாய். ஒரு விரல்கூட விடவில்லை. இப்போது நாலு விரல் விட்டிருக்கிறேன்.

கதவுக்குத் தாழ் இருக்கிறது, உள்பக்கம். நீ வந்து போடுகிறவரை அது திறந்தேதான் கிடக்கும்.

தௌனோ